நீலச் சீட்டில் ஒரு மொழி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் உலகப் பொதுமொழி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆங்கிலம் எளிமையானது, எந்தச் சொல்லையும் வாங்கிக்கொள்ளும், அதனால்தான் உலகம் அதை ஏற்றுக்கொண்டது என்கிறார் கட்டுரையாளர். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இதே மாதிரிப் பாராட்டு முன்பு பிரெஞ்சுக்கும் கிடைத்தது.

முப்பது வருடத்துக்கு மேல் தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் கடிதம் போட வருபவர்கள், "அந்த நீல ஒட்டு ஒண்ணு குடுங்க சார்" என்று கேட்டு வாங்குவார்கள். விரல் நீளச் சீட்டு. ஆங்கிலத்தோடு 'பார் ஆவியோன்' என்றும் அதில் அச்சடித்திருக்கும். விமானம் வழியாக என்பதற்குப் பிரெஞ்சு அது. கும்பகோணத்தில் ஒட்டி சிங்கப்பூரில் பிரிக்கும் கடிதத்துக்குப் பிரெஞ்சு எதற்கு? 1874இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி, நாடு விட்டு நாடு கடிதம் போய்வரப் பொது அஞ்சல் ஒன்றியத்தை அமைத்தபோது நாடுகளுக்கு இடையே பிரெஞ்சில் பேசுவதுதான் வழக்கம். அதையே அலுவல் மொழியாக்கினார்கள். இந்தியா 1876இல் சேர்ந்தது. ஆங்கிலம் அங்கே பணிமொழியாக நுழைந்தது 1994இல்தான்!

பிரெஞ்சுக்கு அந்த இடம் எப்படி வந்தது? பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி காலத்தில் மேற்கு ஐரோப்பாவிலேயே மக்கள்தொகையும் படையும் அதிகம் பிரான்சுக்குத்தான். மற்ற அரசவைகள் அவருடைய வெர்சாய் அரண்மனையைப் பார்த்து நடந்தன. 1714இல் பிரான்சும் ஆஸ்திரியாவும் செய்த ராஷ்டாட் உடன்படிக்கையைப் பிரெஞ்சில் எழுதியபோது, இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று ஒரு விதியும் சேர்த்தார்கள். ஆனால் அப்புறம் பிரெஞ்சில் எழுதுவதே வழக்கமாகிவிட்டது.

பிரெஞ்சு ஏன் உலக மொழியானது, இந்த நிலை நீடிக்குமா என்று பெர்லின் அகாடமி ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. சொற்கள் ஒழுங்காக வரிசையில் நிற்பதால் பிரெஞ்சில் குழப்பத்துக்கே இடமில்லை என்று எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் ரிவரோல் 1784இல் பரிசில் பாதியைப் பெற்றார். 1905இல் ரஷ்யாவும் ஜப்பானும் தங்கள் போரை முடிக்க அமெரிக்காவின் போர்ட்ஸ்மத்தில் செய்த உடன்படிக்கைகூட, ஆங்கில வாசகத்துக்கும் பிரெஞ்சு வாசகத்துக்கும் முரண் வந்தால் பிரெஞ்சே செல்லும் என்கிறது.

அதற்குப் பதினான்கே வருடத்தில், 1919இல், முதல் உலகப் போருக்குப் பின் வந்த வெர்சாய் உடன்படிக்கையில் இரண்டு மொழிகளும் சம அந்தஸ்துக்கு வந்துவிட்டன. பிரெஞ்சு மண்ணிலேயே! ரிவரோல் புகழ்ந்த சொல்வரிசை அப்போதும் அப்படியேதான் இருந்தது. மாறியது வேறு. போரை முடித்து வைத்ததில் அமெரிக்கப் பணத்துக்கும் படைக்கும் பெரிய பங்கு. அமெரிக்க அதிபர் வில்சனுக்கும் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜுக்கும் பிரெஞ்சில் பேசிப் பழக்கமில்லை. பிரெஞ்சுப் பிரதமர் கிளெமென்சோ இளவயதில் அமெரிக்காவில் இருந்தவர், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். தெரிந்தவர் தெரியாதவரின் மொழிக்கு இறங்கி வந்தார். யாருக்காக யார் இறங்கி வர வேண்டியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இலக்கணத்துக்கு இதில் வேலையே இல்லை.

ஆகவே, ஆங்கிலத்தின் எளிமையைக் காரணம் காட்டி, அது இனி அசையாது என்று கட்டுரையாளர் முடித்திருப்பதைப் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது என் கவலை.

போன மாதம் பேத்திக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு புத்தகம் வந்தது. உறையில் அதே நீலச் சீட்டு, அதே பிரெஞ்சு. கிழியாமல் வெட்டி எடுத்து அவள் நோட்டில் ஒட்டிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
கும்பகோணம்