நியூட்டனின் கதையை முழுசாகச் சொல்லுங்கள்: போதகர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர் ஐயாமார்களுக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும், விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பாடம் எழுதுகிற அண்ணன்மார் அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

நம் மேடைகளில் அடிக்கடி வருகிற ஒரு சாட்சியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அடிமைக் கப்பலின் கேப்டன் ஜான் நியூட்டன் நடுக்கடலில் புயலில் சிக்கினார், தேவனைக் கூப்பிட்டார், இரட்சிக்கப்பட்டார், அன்றோடு அந்தத் தொழிலை விட்டுவிட்டு உலகமே பாடுகிற ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டை எழுதினார். அப்புறம் வில்லியம் வில்பர்போர்ஸ் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எழுந்து நின்றார், அடிமை வியாபாரம் ஒழிந்தது. ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம், சபையும் ஆமென் சொல்லும். ஆனால் நடந்தது இப்படி இல்லை ஐயா. நடந்ததைச் சொன்னால்தான் நம் பிள்ளைகளுக்குப் பிரயோஜனம் என்று நம்புகிறேன். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

புயல் அடித்தது 1748 மார்ச்சில். அப்போது நியூட்டன் கேப்டனே இல்லை, கிரேஹவுண்ட் என்ற சரக்குக் கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர். அவர் அடிமைக் கப்பல்களுக்குக் கேப்டன் ஆனது மனந்திரும்பியதற்கு அப்புறம்தான். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள் போனார். ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். மனைவிக்குப் பக்தி நிறைந்த கடிதங்கள் எழுதினார். அதே கைதான் கப்பல் நாட்குறிப்பில் இன்னொன்றையும் எழுதியது: சங்கிலியில் கிடந்த ஆண்களுக்குக் கத்தியும் உளியும் எடுத்துக் கொடுத்ததாகச் சந்தேகப்பட்ட சிறுவர்களை விலங்கிட்டு, கட்டைவிரல்களைத் திருகுக் கருவியில் வைத்து உண்மையை வாங்கியதை. ஜெபிக்கிறவர், வேதம் வாசிக்கிறவர், இரட்சிப்பின் நிச்சயம் உள்ளவர் இதைச் செய்தார். தான் பாவம் செய்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

1754இல் கடல் தொழிலை விட்டது உடம்பு சரியில்லாமல் போனதால். குருப்பட்டம் பெற்றது 1764இல். ஓல்னி ஊர் ஆலயத்தில் அந்தப் பாட்டு வந்தது 1773 புத்தாண்டு அன்று. அடிமை வியாபாரத்துக்கு எதிராக அவர் பகிரங்கமாக எழுதியதோ 1788இல், புயலுக்கு நாற்பது வருஷம் கழித்து. கப்பலின் இரண்டு பக்கமும் மனிதர்களை மேலும் கீழுமாக, அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல் படுக்கவைத்ததை அதில் அவரே விவரிக்கிறார். இன்றைக்குத் தன் இருதயம் நடுங்குகிற ஒரு தொழிலுக்கு அன்று தானும் கருவியாக இருந்ததை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறார். ரொம்பத் தாமதமாக வருகிற அறிக்கை என்றும் சொல்கிறார். இந்த நாற்பது வருஷத்தைத்தான் நாம் பிரசங்கத்தில் வெட்டிவிடுகிறோம்.

நியூட்டன் மட்டுமல்ல. அட்லாண்டிக்கின் இரு கரையிலும் எழுப்புதல் தீயை மூட்டிய ஜார்ஜ் விட்பீல்டை நாம் கொண்டாடுகிறோம். அமெரிக்காவின் ஜார்ஜியா குடியேற்றத்தில் அடிமைமுறைக்கு இருந்த தடையை நீக்கச் சொல்லி வாதாடியவரும் அவர்தான். 1751இல் தடை நீங்கியது. தன் அநாதை இல்லத்தின் செலவுக்காக அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தினார். 1770இல் அவர் இறந்தபோது அந்த மனிதர்களும் சொத்தோடு சொத்தாக உயிலில் கைமாறினார்கள். அவருடைய தோழர் ஜான் வெஸ்லியோ 1774இலேயே அடிமைமுறையைக் கண்டித்துப் புத்தகம் போட்டார். ஒரே சுவிசேஷம், ஒரே எழுப்புதல், ஒரே தலைமுறை. ஆகவே இரட்சிக்கப்பட்டால் கண் தானாகத் திறந்துவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். அங்கே பலருக்குத் திறக்கவில்லை.

சரி, திறந்தவர்களுக்கு எப்படித் திறந்தது? பெரும்பாலும், பாதிக்கப்பட்டவர்கள் வந்து கதவைத் தட்டியதால். 1783 மார்ச்சில் ஒரு நாள் ஒலாடா எக்வியானோ என்பவர் லண்டனில் அடிமைத்தனத்தை எதிர்த்துப் போராடிய கிரான்வில் ஷார்ப்பின் வீட்டுக்குப் போனார். எக்வியானோ அடிமையாக இருந்து, சம்பாதித்த காசில் தன் விடுதலையைத் தானே வாங்கிக்கொண்ட கறுப்பர், விசுவாசி. அவர் கொண்டுபோன செய்தி ஜாங் என்ற கப்பலைப் பற்றியது. 1781இல் அந்தக் கப்பலில் இருந்தவர்கள் 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் தள்ளியிருந்தார்கள். முதலாளிகள் அதற்கு இன்சூரன்ஸ் பணம் கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். நீதிமன்றத்தில் நடந்தது கொலை விசாரணை இல்லை, தொலைந்த சரக்குக்கு யார் பணம் தருவது என்ற வழக்கு! கொலை வழக்குப் போட ஷார்ப் எவ்வளவோ முயன்றார். ஒருவர்மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. ஆனால் அதை அவர் ஆயர்களுக்கும் அமைச்சர்களுக்கும் எழுதி எழுதி நாட்டின் மனசாட்சியைக் குத்தினார்.

எக்வியானோ அதோடு நிற்கவில்லை. 1789இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி, ஊர் ஊராகப் போய்ப் பேசி விற்றார். வெஸ்லி மரணப்படுக்கையில் வில்பர்போர்ஸுக்கு எழுதிய கடிதத்தில், ஓர் ஏழை ஆப்பிரிக்கர் எழுதியதை அன்று காலை வாசித்ததாகச் சொல்கிறாரே, அது இந்தப் புத்தகம்தான். 1791 பிப்ரவரி 24இல் எழுதிய கடிதம், ஆறாம் நாள் வெஸ்லி காலமானார். அந்தக் கடிதத்தை நாம் மேற்கோள் காட்டுகிறோம், அந்த ஏழை ஆப்பிரிக்கரின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறோம். இன்னொருவர் ஒட்டோபா குகோவானோ. வெள்ளைக்காரச் சீர்திருத்தவாதிகள் வியாபாரத்தை நிறுத்தினால் போதும் என்று அளந்து பேசிக்கொண்டிருந்த 1787இலேயே, அடிமைமுறையையே அடியோடு ஒழிக்க வேண்டும் என்று அச்சில் கேட்டவர். எத்தனை சபைப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியும்?

அடுத்து தாமஸ் கிளார்க்சன். பிள்ளைகளுக்கு இவரை ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். கேம்பிரிட்ஜில் பரிசுக்காக லத்தீனில் ஒரு கட்டுரை எழுதப்போய், எழுதியதே உண்மையானால் யாராவது இதற்கு ஒரு முடிவு கட்டவேண்டுமே என்று வழியில் குதிரையை விட்டு இறங்கி உட்கார்ந்துவிட்டவர். 1787 மே 22இல் லண்டனில் ஓர் அச்சுக்கூடத்தில் 12 பேர் கூடிக் குழு அமைத்தார்கள். அதில் 9 பேர் குவேக்கர்கள் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவினர் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நம் சபைப் பிரிவுகள் அசட்டையாக இருந்த காலத்தில் முதலில் விழித்தவர்கள் அவர்கள். அந்தக் குழுவுக்காகக் கிளார்க்சன் துறைமுகம் துறைமுகமாகக் குதிரையில் சுற்றி மாலுமிகளிடம் சாட்சியம் சேகரித்தார். லிவர்பூலில் ஒரு கடையில், எல்லார் கண்ணிலும் படும்படி விற்பனைக்கு வைத்திருந்த கைவிலங்கு, கால்விலங்கு, கட்டைவிரல் திருகு ஆகியவற்றைக் காசு கொடுத்து வாங்கினார். கூடவே வைத்தியர்கள் வாயைத் திறக்கப் பயன்படுத்தும் ஒரு திருகுக் கருவியும் இருந்தது. இது எதற்கு என்று கேட்டார். அடிமைகள் சாப்பிட மறுத்துச் சாகப் பார்ப்பார்கள், அப்போது தாடையை நெம்பித் திறந்து ஊட்ட என்று கடைக்காரர் விளக்கினார். அதையும் வாங்கிக் கூட்டங்களுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

புரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலின் வரைபடமும் அப்படிப்பட்ட ஆதாரம்தான். ஓர் ஆணுக்கு ஆறடி நீளம், பதினாறு அங்குல அகலம். 1788இல் வந்த புதுச் சட்டப்படி அதில் 454 பேரை ஏற்றலாம். அந்தக் கணக்குக்கு உருவங்களை வரைந்தாலே படத்தில் இடம் மிச்சமில்லை. அதற்கு முன் அதே கப்பல் 609 பேரை ஏற்றிப் போயிருக்கிறது. வில்பர்போர்ஸோடு சேர்ந்து உழைத்த கிளாப்பம் குழுவைச் சேர்ந்த சக்கரி மெக்காலே 1795இல் ஓர் அடிமைக் கப்பலிலேயே பயணம் செய்து, கண்டதையெல்லாம் மாலுமிகளுக்குப் புரியாதபடி கிரேக்க எழுத்தில் குறித்துக்கொண்டார். ஜெபத்தோடு இவ்வளவு வேலையும் நடந்தது. ஜெபித்தார்கள், தேவன் செய்தார் என்று ஒரே வரியில் முடித்தால் இந்த உழைப்பெல்லாம் காணாமல் போய்விடுகிறது.

பெண்களை மறந்துவிடாதீர்கள். 1791இல் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்காதீர்கள் என்ற துண்டுப்புத்தகம் பரவியது. வாரம் ஐந்து பவுண்டு சர்க்கரை செலவாகும் ஒரு குடும்பம் 21 மாதம் நிறுத்தினால் ஓர் உயிர் தப்பும் என்று அதில் கணக்கே போட்டிருந்தார்கள். மூன்று லட்சம் பேர் சர்க்கரையை விட்டதாகக் கிளார்க்சன் மதிப்பிட்டார். அடுப்படியை நடத்தியவர்கள் முடிவெடுக்காமல் இது நடந்திருக்குமா? பின்னால் 1824இல் எலிசபெத் ஹேரிக் என்ற குவேக்கர் பெண், படிப்படியாக வேண்டாம், உடனே விடுதலை வேண்டும் என்று எழுதினார். பெண்கள் சங்கம் அமைத்து வீடு வீடாகப் போய் மனுவுக்குக் கையெழுத்து வாங்குவது வேதம் காட்டும் பெண்மைக்கு ஒவ்வாது என்று வில்பர்போர்ஸ் கடிதம் எழுதினார். அவர்கள் நிறுத்தவில்லை.

வில்பர்போர்ஸை நான் குறைத்துப் பேசவில்லை. 1785 கடைசியில், அரசியலை விட்டுவிடலாமா என்று குழம்பிப்போய் நியூட்டனைத் தேடிப் போனார். அங்கேயே இருந்து ஊழியம் செய் என்று நியூட்டன் சொன்னது அருமையான ஆலோசனை. அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் நடந்த ஓட்டெடுப்பில் 1791இல் 163க்கு 88 என்று தோற்றார். 1796இல் 74க்கு 70, நாலே ஓட்டில் தோற்றார். விடாமல் நின்றார். 1807இல் 283க்கு 16 என்று வென்றார். உடம்பு முழுக்க வியாதியோடு ஒரு மனிதர் இருபது வருஷம் ஒரே காரியத்துக்காகத் தோற்றுத் தோற்று எழுந்தது எனக்கு இன்றும் கண்ணைக் கலங்க வைக்கிற விஷயம்.

ஆனால் 1807ஆம் ஆண்டைச் சொல்லும்போது அதே ஆண்டில் லண்டனில் அச்சான இன்னொன்றையும் சொல்லுங்கள். மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்காக என்றே தயாரித்த வேதாகமப் பகுதிகள். 1189 அதிகாரங்களில் 232 மட்டுமே அதில் உண்டு. யோசேப்பு எகிப்தில் விற்கப்பட்டது இருக்கிறது. மோசே பார்வோன்முன் நின்றதும் செங்கடல் பிளந்ததும் இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் ஆறாம் அதிகாரம் இருக்கிறது. ‘அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை’ என்ற கலாத்தியர் வசனம் இல்லை. இதை வெளியிட்டவர்கள் நாத்திகர்கள் இல்லை, அடிமைகளின் ஆத்துமாக்களை இரட்சிக்கப் புறப்பட்ட கிறிஸ்தவச் சங்கத்தார்.

அப்படி வெட்டியும் அந்த வார்த்தை ஜமைக்காவில் போய்ச் சேர்ந்தது. மான்டிகோ பே ஊர்ப் பாப்திஸ்து சபையில் சாமுவேல் ஷார்ப் என்ற அடிமை உதவிக்காரராக இருந்தார். வாசிக்கத் தெரிந்தவர். ஒரு மனிதன் இன்னொரு மனிதனைச் சொத்தாக வைத்திருக்க வேதத்தில் இடமில்லை என்று ஜெபக்கூட்டங்களில் பேசினார். 1831 கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூலி இல்லாமல் வேலைக்குப் போகக்கூடாது என்று தீர்மானித்தார்கள். வேலைநிறுத்தம் கிளர்ச்சியாக மாறியது, தோட்டங்கள் எரிந்தன. அரசு 300க்கும் மேற்பட்டவர்களைக் கொன்று தண்டித்தது. வெள்ளையர்கள் பாப்திஸ்து, மெதடிஸ்டு ஜெபவீடுகளைக் கொளுத்தினார்கள். அதற்கு முன்னின்ற சங்கத்தில் ஆங்கிலிக்கன் குருவே ஒருவர் இருந்தார். 1832 மே 23இல் ஷார்ப்பைத் தூக்கிலிட்டார்கள். வில்லியம் நிப் என்ற பாப்திஸ்து மிஷனரி கப்பலேறி வந்து பாராளுமன்றக் குழுக்களிடம் கண்டதைச் சொன்னார். அடுத்த வருஷமே அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்தது. வில்பர்போர்ஸுக்கு ஒரு பாடம் ஒதுக்கினால் ஷார்ப்புக்கும் ஒன்று ஒதுக்குங்கள். தேவனுடைய வார்த்தையை நம்பி உயிரைக் கொடுத்தவர் அவர்.

1833 சட்டம் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசு இல்லை, 1838 வரை பழைய எஜமானிடமே கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. நஷ்டஈடு வாங்கியவர்களில் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கமும் உண்டு. ஆமாம், திருநெல்வேலிக்கு மிஷனரிகளை அனுப்பிய அதே எஸ்.பி.ஜி.தான். பார்படோஸில் அதற்குச் சொந்தமான காட்ரிங்டன் தோட்டங்களில் ஒருகாலத்தில் அடிமைகளின் மார்பில் ‘சொசைட்டி’ என்று பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டிருக்கிறார்கள். அங்கிருந்த 411 பேருக்காகச் சங்கம் 8,823 பவுண்டு பெற்றது. அந்த மிஷனரிகள் கட்டிய பள்ளிகளில் படித்த குடும்பங்கள் நம்மில் ஏராளம். நன்றியோடு இதையும் சேர்த்துத்தான் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தச் சட்டம் நம் ஊருக்கு வரவும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளையும் இலங்கையையும் அதன் 64ஆம் பிரிவு விலக்கி வைத்தது. இங்கே சாதியோடு பிணைந்திருந்த அடிமைத்தனத்தை நீதிமன்றம் அங்கீகரிக்காது என்று சட்டம் வர 1843 ஆயிற்று. அதற்குப் பின்னும் பண்ணையில் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை.

இங்கேதான் என் மனபாரம். ஆராதனை நடத்திக்கொண்டே அடிமைக் கப்பலை ஓட்டிய நியூட்டனைப் பற்றிப் பேசும்போது நமக்கு எளிதாகக் கோபம் வருகிறது. நம் சபைகளில் இன்றும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் உண்டு. அல்லேலூயா சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், விசுவாசக் குடும்பம் என்பதோடு சாதியையும் போட்டு வரன் தேடுகிறோம். போதகர் ஐயா, மேடையில் நியூட்டனின் அந்த நாற்பது வருஷத்தைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நம் கல்லறைச் சுவரைப் பற்றியும் பெயர் சொல்லிப் பேசுங்கள். காணிக்கை குறையும், கமிட்டியில் எதிர்ப்பு வரும், தெரிந்துதான் கேட்கிறேன்.

ஞாயிறு பள்ளி அண்ணன்மார் அக்காமாரே, இந்த வருஷப் பாடத்தில் எக்வியானோ, குகோவானோ, சாமுவேல் ஷார்ப் மூவருக்கும் இடம் கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்குப் புரூக்ஸ் படத்தைக் காட்டுங்கள். தரையில் ஆறடிக்குப் பதினாறு அங்குலம் சாக்பீஸால் வரைந்து, அவர்களைப் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்டனுக்கு ஏன் அத்தனை வருஷம் தெரியவில்லை என்று அவர்கள் கேட்டால், பதிலைச் சட்டென்று சொல்லி முடித்துவிடாமல் கூட உட்கார்ந்து பேசுங்கள். நம் சபையில் அப்படி என்ன இருக்கிறது என்று அடுத்த கேள்வி வந்தால் அவர்கள் வாயை அடைக்காதீர்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்த ஒரு சபை விசுவாசி