கேஸ் மாத்திரைக்குள் இரண்டாவது மருந்து எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் கணவருக்கு 71 வயது. இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும், மதியம் வரை உப்புசம், புளித்த ஏப்பம். எண்டோஸ்கோப்பியில் புண் எதுவும் இல்லை. நாள்பட்ட அஜீரணம் என்று சொல்லி, அமிலம் குறைக்கும் ரபிபிரசோல் 20 மில்லிகிராமும், இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்கும் லெவோசல்பிரைடு 75 மில்லிகிராமும் சேர்ந்த கேப்ஸ்யூலை ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். வயிறு லேசானதும் நாங்களே மெடிக்கல் ஷாப்பில் அட்டை அட்டையாக வாங்கினோம். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

அப்புறம் கை நடுங்க ஆரம்பித்தது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். பார்க்கின்சன் நோயோ என்று பயந்து நரம்பு மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது மாத்திரை அட்டைகளைத்தான். உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளை லெவோசல்பிரைடு தடுக்கும், வயதானவர்களுக்கு இப்படி நடுக்கம் வரலாம் என்று சொல்லி நிறுத்தினார். மூன்று மாதத்தில் நடுக்கம் அடங்கியது.

அவருக்கு ரபிபிரசோல் மட்டுமே போதுமாக இருந்திருக்குமோ என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதைச் சோதிக்க வழி இருக்கிறது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் நாலாகப் பிரித்து, முதல் மருந்து மட்டும், இரண்டாவது மட்டும், இரண்டும் சேர்த்து, மருந்தே இல்லாத போலி மாத்திரை என்று கொடுத்துப் பார்க்க வேண்டும். போலி மாத்திரை கட்டாயம் வேண்டும். இந்த நோயில் அதிலேயே நூற்றுக்கு 30, 40 பேருக்குச் சுகம் தெரிகிறதாம். சோதனையை நாலு வாரத்தில் முடித்துவிட்டாலோ, முதியவர்களைச் சேர்க்காமல் விட்டாலோ, என் கணவருக்கு வந்த நடுக்கம் கணக்கிலேயே வராது.

கூட்டு மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கு, அமிலம் குறைக்கும் மருந்தோடு இரண்டு ஆன்டிபயாடிக் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் கிருமி சரியாக ஒழிவதில்லை என்று சோதித்துப் பார்த்தே அந்த முடிவுக்கு வந்தார்கள்.

மத்திய அரசு 2018-ல் 328 கூட்டு மருந்துகளையும், 2024 ஆகஸ்டில் மேலும் 156-ஐயும் தடை செய்தது. எத்தனை பேர் விழுங்கிய பிறகு? வயிற்றுக்கான கூட்டு மருந்து ஒவ்வொன்றையும் எத்தனை வாரம், எத்தனை முதியவர்களிடம் சோதித்தார்கள் என்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வெளியிட வேண்டும். கை நடுங்கினால் உடனே மருத்துவரைப் பாருங்கள் என்று அட்டையின் பின்னால் தமிழில் ஒரு வரியாவது அச்சிடச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
மயிலாடுதுறை