எஸ்.இ.சி. நிர்வாகிகளுக்கு: அபராதம் போதாது, கம்பத்தை இறக்குங்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பான எஸ்.இ.சி.யின் ஆணையருக்கும், அதன் பல்கலைக்கழகத் தலைவர்களுக்கும் வணக்கம்.

ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்தால் ஒவ்வொரு முறையும் 5 லட்சம் டாலர் அபராதம் என்று 2025இல் அறிவித்தீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால், வேலி தாண்டிக் குதிக்கிற பிள்ளையின் பையிலிருந்தா அந்தப் பணம் போகிறது?

2022 அக்டோபரில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றில் டென்னசி பல்கலைக்கழக அணி அலபாமா பல்கலைக்கழக அணியை 52-49 என்று வென்றது. 15 ஆண்டுகள் வரிசையாகத் தோற்ற பிறகு கிடைத்த வெற்றி. ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து, பந்தை உதைத்துப் புள்ளி எடுக்க நிறுத்தியிருக்கும் கோல் கம்பத்தைப் பிடுங்கி டென்னசி ஆற்றில் போட்டார்கள். அபராதம் 1 லட்சம் டாலர். புதுக் கம்பம் வாங்கப் பல்கலைக்கழகம் நன்கொடை கேட்டதும் அள்ளிக் கொடுத்தார்கள். 2024இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அதே அலபாமாவை வென்றபோது, கம்பம் நாஷ்வில் தெருக்கள் வழியாகக் கம்பர்லேண்ட் ஆற்றுக்குப் போனது. அபராதத்துக்கு யார் பயந்தார்கள்?

அவர்களுடைய சந்தோஷத்தை நான் குறை சொல்லவில்லை. என் பயம் அந்த இரும்பைப் பற்றித்தான். குறுக்குச் சட்டம் தரையிலிருந்து 10 அடி உயரம். அதற்கு மேலே இரண்டு நெடுங்கம்பங்கள். கூட்டமாகத் தொங்கி ஆட்டும்போது அது எந்தப் பக்கம் சாயும் என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2001இல் இந்தியானாவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அப்படிச் சாய்ந்த கம்பம் முதுகில் விழுந்து ஒரு மாணவர் நடக்க முடியாமல் போனார். 2005இல் மின்னசோட்டாவின் மோரிஸில் ஒரு மாணவர் இறந்தே போனார். அது சின்னக் கல்லூரி, சின்ன மைதானம்.

நெரிசலையும் சொல்ல வேண்டும். 1993இல் மேடிசன் நகரில் மிச்சிகன் அணியை விஸ்கான்சின் அணி வென்றதும் மாணவர்கள் எல்லோரும் மைதானத்தை நோக்கிக் கீழே இறங்கினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் கம்பித் தடுப்பில் நசுங்கியது பின்னால் தள்ளியவர்களுக்குத் தெரியவில்லை. 70 பேருக்கு மேல் காயம். விளையாடி முடித்த வீரர்களே ஓடிவந்து மாணவர்களை இழுத்து வெளியே போட்டார்கள்.

சட்டென்று மடிக்கக்கூடிய கம்பங்கள் இப்போது இருக்கின்றன. கடைசி நொடி உதையில் முடியும் ஆட்டத்தில் முன்கூட்டியே இறக்க முடியாதுதான். அதனால்தான் பழக்கிய ஆட்கள் பக்கத்திலேயே தயாராக நிற்க வேண்டும். மாணவர் பகுதியின் முன்தடுப்பில், நெருக்கடி வந்தால் உடனே திறக்கிற வாசல்கள் வேண்டும். எதிரணியும் நடுவர்களும் முதலில் வெளியேறத் தனி வழி வேண்டும். அபராதமாக வாங்கும் பணத்தை இந்த வேலைகளுக்கே செலவிடுங்கள். அடுத்த பருவம் தொடங்கும் முன், எந்த மைதானத்தில் என்ன செய்து முடித்திருக்கிறீர்கள் என்று பெற்றோருக்குத் தெரியும்படி வெளியிடுங்கள்.