இரை இருக்கட்டும், கயிறு எங்கே?

அன்புள்ள சேவியர்,

கடிதம் கிடைத்தது. பதினாறடி அலுமினியப் படகு வாங்கிவிட்டாய், மே மாதம் வாஷிங்டன் மாநிலத்து ஹூட் கால்வாயில் புள்ளி இறாலுக்குக் கூடு வைக்கப் போகிறாய். நல்லது. ஆனால் மக்கா, மூன்று பக்கமும் இரையைப் பற்றியே கேட்டிருக்கிறாய், கயிறு பற்றி ஒரு வரி கிடையாது. இரை சுமாராக இருந்தாலும் இறால் ஏறும். கயிறும் எடையும் பிசகினால் கூடே திரும்பி வராது.

பெயர்தான் கால்வாய். பனியாறு குடைந்துவிட்டுப் போன ஆழமான கடற்கிளை அது. கூடு இறக்குவது நம் ஊர்க் கணக்கில் நாற்பது முதல் ஐம்பது பாகத்தில், அதாவது 240 முதல் 300 அடியில். 300 அடிக்கு 400 அடிக் கயிறு வை. ஓதம் ஏறினால் நீர்மட்டம் பத்தடிக்கு மேல்கூட உயரும்; நீவாடு, அதாவது நீரோட்டம், இழுத்தால் கயிறு சாய்ந்துதான் நிற்கும். கயிறு பற்றாவிட்டால் மிதவை முங்கிப்போகும், இல்லாவிட்டால் மிதவையே கூட்டைத் தூக்கித் தூக்கி வைத்துச் சரிவில் நடத்திக்கொண்டு போகும். சரிவில் இறங்க இறங்க ஆழம் கூடும், கயிறு இன்னும் குறையும். அப்புறம் தேடிப் பயனில்லை.

மலிவு என்று மிதக்கும் கயிறு வாங்கிவிடாதே. உள்ளே ஈய இழை ஓடும் கயிறுதான் வேண்டும். நீர் நிற்கிற நேரத்தில் மிதக்கும் கயிறு மேலே பரந்து கிடக்கும், அடுத்த படகின் இன்ஜின் விசிறி அதை அறுத்துவிடும். வாஷிங்டன் மாநில விதிப்படியும் கயிறு மேலே மிதக்கக் கூடாது. மிதவை மஞ்சள் நிறம், அதில் பெயரும் முகவரியும் அழியாத மையில். சிவப்பு வெள்ளை மிதவை நண்டுக் கூட்டுக்கு உரியது, குழப்பிக்கொள்ளாதே.

கடையில் வாங்கும் கம்பிக் கூடு அப்படியே போதாது. ஒவ்வொன்றிலும் ஐந்து முதல் பத்து பவுண்டு எடையைச் சேர்த்துக் கட்டு. எடை நாலு மூலையிலும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் நுழைவாய் தரையை விட்டுத் தூக்கி நிற்கும், ஊர்ந்து வருகிற இறால் வழி தெரியாமல் சுற்றிவிட்டுப் போய்விடும். மேலே நாலு மூலையிலிருந்தும் கயிறு எடுத்து நடுவில் முடிந்தால் கூடு மட்டமாக இறங்கும். வலைக்கண் ஓர் அங்குலம், ⅞ அங்குலச் சதுரக் குச்சி நுழைய வேண்டும். குட்டி இறால் வெளியேற அதுவே வழி. பக்கவாட்டில் ஒரு திறப்பைச் சாயமோ மெழுகோ ஏறாத பருத்தி நூலால் தைத்து வை. கூடு தொலைந்தாலும் நூல் அழுகித் திறந்துகொள்ளும். நைலான் நூல் போட்டாயானால் அந்தக் கூடு கடலடியில் ஆளில்லாமல் வருஷக்கணக்காய்ப் பிடித்துக்கொண்டே கிடக்கும்.

இப்போது உன் இரைக்கு வருகிறேன். இறால் இரைக் குருணையை முந்தின இரவே மீன் எண்ணெயில் ஊறப்போடு. காலையில் மீன் கலந்த பூனைத்தீனி டப்பா ஒன்றைக் கொட்டிப் பிசை. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குப்பியில் அடைத்துக் கூட்டின் நடுவே தொங்கவிடு. குப்பி கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்தால் இறால் வெளியே நின்றே தின்றுவிடும். ஓட்டை பெரிதானால் முதல் ஒரு மணி நேரத்திலேயே இரை கரைந்துபோகும். அவ்வளவுதான் இரை. மற்ற ரகசியமெல்லாம் கடைக்காரர்கள் கிளப்பிவிடுவது.

நாள் எதுவென்று மீன்வளத் துறை அறிவிப்பைப் பார்த்துக்கொள், வருஷா வருஷம் மாறும். அங்கே வழக்கமாகக் காலை ஒன்பது முதல் மதியம் ஒன்று வரைதான். ஆளுக்கு இரண்டு கூடு, படகுக்கு நாலு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 80 புள்ளி இறால், அவரவர் பிடித்தது அவரவர் பாத்திரத்தில். இருக்கும் நாலு மணி நேரத்தில் கூட்டை ஒரு மணி நேரமாவது விட்டால் இரண்டு மூன்று தூக்கு கிடைக்கும்.

இறக்கும்போது கயிறு வாளிக்குள் சுருளாகக் கிடக்கட்டும், சுருளுக்குள் கால் வைக்காதே. இன்ஜின் நியூட்ரலில் இருக்க, கூட்டை மட்டமாகத் தண்ணீரில் விடு. கயிறு தளர்ந்தால் தரை தட்டிவிட்டது. உடனே கிளம்பாதே, ஐந்து நிமிஷம் மிதவையைக் கரையிலுள்ள ஒரு மரத்தோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டிரு. மரத்தை விட்டு மிதவை நகர்ந்துகொண்டே போனால் கூடு நடக்கிறது. தூக்கி எடை கூட்டிப் போடு. நாலு கூட்டையும் ஒரே ஆழக்கோட்டை ஒட்டி, ஒன்றுக்கொன்று இருநூறு அடியாவது தள்ளி வை.

தூக்கும்போது நீவாட்டுக்கு எதிராக அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, திருப்பிக்கொண்டு மிதவையை அணுகு. பக்கவாட்டில் இழு, பின்பக்கமாக ஒருபோதும் வேண்டாம். கூடு பாறையில் மாட்டினால் தண்ணீர் பின்பக்கமாகத்தான் ஏறும். மாட்டிக்கொண்டால் எதிர்த்திசைக்குச் சுற்றிப் போய் இழுத்துப் பார். இருவரும் ஒரே பக்கம் சாயாதீர்கள். மே மாதத்திலும் தண்ணீர் நடுக்கும் குளிர், உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதே. கயிறு இழுக்க மின் இழுவை வைத்தால் அதற்குத் தனி பேட்டரி வேண்டும். இன்ஜின் பேட்டரியில் கொடுத்தால் நாலாவது கூட்டுக்குப் பிறகு இன்ஜின் கிளம்ப மறுக்கும். இழுவை பாதியில் நிற்காமல் சீராக வர வேண்டும். நின்றால் இறால் கிளம்பி வெளியேற வாய் தேடும்.

பிடித்ததைப் பார்த்ததும் தெரிந்துவிடும். தலைக்குப் பின்னால் இரண்டு, வாலுக்கு முன்னால் இரண்டு வெள்ளைப் புள்ளி. எல்லாம் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறுகிற இனம், ஆகவே பெரியதெல்லாம் பெண். தலை முள் விரலைக் குத்திவிடும், கையுறை போடு.

ஐஸைக் கொட்டி அதன் மேல் போடாதே, உருகிய நன்னீர் இறாலைக் கொன்றுவிடும். கடல் நீரில் ஐஸ் பாட்டிலை மிதக்கவிடு. கரை சேர்ந்ததும் தலையைத் திருகி எடுத்துவிடு. செத்த பின் தலையோடு கிடந்தால் அதிலுள்ள நொதி சதையைக் கரைத்து மாவாக்கிவிடும். மிச்சத்தை உப்புத் தண்ணீரில் மூழ்கவைத்து உறையவிடு. தலைகளை எறியாதே, வறுத்து அரைத்துக் குழம்புக்கு வை. சதையைக் கடைசி இரண்டு நிமிஷம் மட்டும் போடு.

நீ கயிறு வாங்கிவிட்டாயா, எத்தனை அடி என்று எழுது. 300 என்றால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோ.

அன்புடன்,
அந்தோணி