மூடிய பக்கம் முன்னால்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். நீ அனுப்பின பயணத் தாளைத் தம்பி போனில் காட்டினான். கண்டி, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, எல்ல, வெல்லவாய. நல்லாத்தான் போட்டிருக்கிறாய். இரண்டு மூன்று இடத்தில் திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் கடிதம். தம்பி திங்கட்கிழமை கண்டிக்கு வந்து கையில் தருவான். சைக்கிள் பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முதல் வாசித்துவிடு.

மார்ச் முதல் வாரம் சரியான நேரம். வடகீழ் மழை ஊவாப் பக்கம் ஓய்ந்திருக்கும், தென்மேற்கு மழைக்கு மே வரை காலம் இருக்கிறது. மாதக் கடைசியில் என்றால் பின்னேர இடிமழை தொடங்கிவிடும். ஏப்ரல் என்றால் நுவரெலியா சீசன், ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது.

பெட்டியிலிருந்து எடுத்துச் சைக்கிளைப் பூட்டும்போது அவசரப்படாதே. இடது பெடல் தலைகீழ் மரை, அது உனக்குத் தெரியும். ஹேண்டிலை இறுக்கி, முன் சில்லை முழங்காலுக்கு நடுவில் பிடித்து, முறுக்கிப் பார். அசையக் கூடாது. அடுத்தது பிரேக். உன்னுடையது டிஸ்க் இல்லை, ரிம்மைப் பிடிக்கிற கட்டை என்று படத்தில் பார்த்தேன். கட்டைக்கும் ரிம்முக்கும் 2 மில்லிமீற்றர் இடைவெளி போதும். கட்டையின் முன் நுனி பின் நுனியை விட ஒரு மயிரளவு கிட்ட இருந்தால் கத்தாது. டயரில் உரசவே கூடாது, உரசினால் ஒரே இறக்கத்தில் டயர் கிழியும். ரப்பரைத் தனியாக உருவி மாற்றுகிற வகை என்றால் அதன் கூட்டில் ஒரு பக்கம் மூடியிருக்கும், ஒரு பக்கம் திறந்திருக்கும். மூடிய பக்கம் முன்னால் வரவேண்டும். முன் சில்லுக்கும் அப்படித்தான், பின் சில்லுக்கும் அப்படித்தான். படத்தைப் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தேன், எந்தப் பக்கம் மூடியது என்று தெரியவில்லை.

முதல் நாள் கண்டியை விட்டு ஐந்தரைக்கே கிளம்பு. பேராதனை தாண்டும்வரை பஸ்கள் ஒதுங்க விடாது. அதற்குப் பிறகு கெலிஓயா, கம்பளை வரை மகாவலியோடு போகிற ரோடு, பெரிய ஏற்றமில்லை. அதை நம்பி அங்கே காலை வேகமாக மிதித்துவிடாதே. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர், நுவரெலியா 1868. அந்த உயரத்தில் பெரும்பகுதி கம்பளைக்குப் பிறகுதான் வருகிறது. நீ ஒரே நாளில் போட்டிருக்கிறாய். சுமை இல்லாமல் என்றால் முடியும். பைகளோடு வேண்டாம், இறம்பொடையில் தங்கு. மறுநாள் காலைக் குளிரில் லபுக்கலை வளைவுகளை ஏறினால் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வெயில் வருவதற்குள் பாதி தூரம் போயிருப்பாய்.

பல்சக்கரத்தில் முன்னால் 26 பல், பின்னால் 34 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 1.6 மீற்றர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு ஆறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வேகத்துக்கு வெட்கப்படாதே. பல் மாற்றுவதை ஏற்றம் தொடங்கும் முன்னே செய், பாரம் ஏறின பிறகு மாற்றினால் செயின் அறும். நிறை முழுவதையும் பின் கரியரில் ஏற்றினால் பின் சில்லின் வலப்பக்கக் கம்பிகள்தான் முதலில் போகும், அந்தப் பக்கம் இழுவை கூட. மூன்று கம்பி, இரண்டு டியூப், ஒரு நீளப் பின் பிரேக் வயர் எடுத்துக்கொள். பின் வயரை வெட்டி முன்னுக்குப் போடலாம், முன் வயரைப் பின்னுக்குப் போட முடியாது. 26 அங்குல டியூப் இங்கே கடைகளில் கிடைக்கும். உன்னுடையது 700 அளவுச் சில்லு என்றால் கடையை நம்பி வராதே.

இறம்பொடைச் சுரங்கத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு போ. மழை நின்றதும் யூக்கலிப்டஸ் இலை ரோட்டில் ஒட்டிக் கிடக்கும், வளைவில் அதன்மேல் பிரேக் பிடித்தால் சில்லு சறுக்கும். ஓரமாகப் போகிறேன் என்று தண்ணீர் ஓடுகிற கானுக்கு மிகவும் கிட்டப் போகாதே, பஸ் ஒதுக்கினால் நேரே கானுக்குள்தான். தேயிலைக்குள் இறங்கினால் அட்டைக்கு உப்பு. மரத்தில் குளவிக் கூடு கண்டால் சத்தம் போடாமல் வந்த வழியே திரும்பு. மாலை ஐந்துக்கு மேல் காட்டு ரோட்டில் நிற்காதே, பன்றி குறுக்கே பாயும்.

நீ அங்கே இதைவிடப் பெரிய மலையெல்லாம் ஏறினதாகத் தம்பி சொன்னான். தேயிலை ஸ்டோரில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அவர்கள் கேட்கிற கேள்விக்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை, நீ எதையும் எனக்கு எழுதுவதில்லை. அது போகட்டும். சின்ன அத்தை பேத்திக்கு சடங்கு முடிந்தது. பசு கன்று போட்டிருக்கிறது.

ஹக்கலையிலிருந்து வெலிமடைக்கு இறக்கம். அங்கே உன் பிரேக்கைச் சோதித்துக்கொள். பிடித்தபடியே இறங்காதே. நிமிர்ந்து உட்கார், காற்று உடம்பில் படட்டும், வளைவுக்கு முன்னால் இறுக்கிப் பிடி, பிறகு முழுதாக விடு. நீயும் சைக்கிளும் பைகளும் 95 கிலோ என்று வை. 850 மீற்றர் இறங்கினால் அதில் வருகிற சூடு இரண்டு லீற்றருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கொஞ்சம் காற்றோடு போகும், மிச்சம் ரிம்முக்குத்தான். ரிம் சுட்டால் டியூப் வெடிக்கும். மூன்று கிலோமீற்றருக்கு ஒருதரம் நின்று ரிம்மை விரலால் தொட்டுப் பார். விரல் வைக்க முடியாவிட்டால் ஒரு பிளேன்டி குடிக்கிற நேரம் நில். ஈர ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது, சில்லு சில சுற்றுச் சுற்றித் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். கட்டையில் மண்ணும் அலுமினியத் துகளும் ஏறியிருந்தால் ஊசியால் குத்தி எடு. பார்க்கும்போது மூடிய பக்கம் முன்னால் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

வெலிமடையில் உமா ஓயாப் பாலத்தடியில் சாப்பிடலாம். அங்கிருந்து நீ பண்டாரவளை ரோட்டைப் போட்டிருக்கிறாய். அது வாகனம் கூடின ரோடு. பொரலந்தை வழியாக வந்தால் வாகனம் குறைவு, உருளைக்கிழங்குத் தோட்டமும் சவுக்கும்தான். அது அப்புத்தளையில் வந்து ஏறும். அப்புத்தளையிலிருந்து பண்டாரவளைக்குப் பிறகும் போகலாம், தூரம் பெரிதில்லை. எல்ல பார்க்கவேண்டும் என்றில்லாவிட்டால் பெரகலையால் இறங்கி, கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சி, வெல்லவாய. 220 மீற்றர் வீழ்ச்சி, ரோட்டில் நின்றே பார்க்கலாம். மீரியாபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 மண் சரிந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அந்தப் பக்கம் மழை பெய்தால் கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு இறங்கு. அப்புத்தளையில் பின்னேரம் மூன்று மணிக்குப் பனிப்புகார் ஏறிவிடும், மதியத்துக்குள் வந்துவிட வேண்டும். நான் ரோட்டைப் பற்றித்தான் சொல்கிறேன்.

எந்த வழியால் போனாலும் வெல்லவாய இறக்கம்தான் பெரியது. எல்லயிலிருந்து என்றால் 1041 மீற்றரிலிருந்து அடிவாரம் வரை, ராவணன் அருவியைப் பார்க்கிறவர்கள் நடு ரோட்டில் நிற்பார்கள், பிரேக்கை விட்டுவிட்டுப் போக முடியாது. கட்டை புதிதாக இருக்க வேண்டும். நாலு கட்டை தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். மூடிய பக்கம் முன்னால். பிரேக் பிடிக்கும்போது சுற்றுகிற ரிம் ரப்பரை முன்னுக்கு இழுக்கும். முன்னால் மூடியிருந்தால் ரப்பர் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். திறந்திருந்தால் உருவிக்கொண்டு போய்விடும்.

மேட்டு லயத்து வளைவில் அப்படித்தான் போனது. முதல்நாள் இரவு கட்டை மாற்றினது நான். முன் கூட்டைத் திருப்பிப் பூட்டியிருக்கிறேன். விளக்கு வெளிச்சம் காணாது என்று பிறகு மனதுக்குச் சொல்லிக்கொண்டேன், வெளிச்சம் இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் விழுந்து கிடந்த இடத்துக்கு மேலே, கானில் ரப்பர் கிடந்தது. யாரும் வருவதற்கு முன் எடுத்துப் பையில் போட்டேன். நீ வேகமாக ஓட்டினாய் என்று ஆஸ்பத்திரியில் அம்மா உன்னைப் பேசினபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். “பிரேக் பிடிக்கலப்பா” என்று நீ என்னிடம் மூன்று தடவை சொன்னாய். பிட்டர் வேலை செய்கிறவன் வீட்டு சைக்கிளில் பிரேக் பிடிக்காமல் போகுமா என்று கேட்டவன் நான். தம்பியின் காலைப் பார்க்கிறபோதெல்லாம் நீ உன்னைத்தான் நினைத்திருப்பாய். பதினாறு வருசம் அதை நான் விட்டு வைத்திருந்தேன். நீ வேகமாக ஓட்டவில்லை.

தம்பிக்கும் அம்மாவுக்கும் இன்னும் சொல்லவில்லை. இதை ஒட்டாமல்தான் அவன் கையில் கொடுக்கிறேன், பஸ்ஸில் ஆறு மணித்தியாலம் வருகிறான்.

கட்டைகளோடு 5 மில்லிமீற்றர் அலன் சாவியும் இருக்கிறது. பூட்டினதும் முன் பிரேக்கை முழுக்கப் பிடித்து வண்டியை முன்னுக்குத் தள்ளிப் பார். பின் சில்லு தரையை விட்டு எழும்ப வேண்டும்.

அப்பா