மரக்கன்றோடு மலையேறி வருபவர்களுக்கு

அன்புள்ள மரம் நடும் அமைப்பினருக்கு,

வணக்கம். மழை தொடங்கினால் வண்டி நிறையக் கன்றுகளோடு நீலகிரிக்கு வருகிறீர்கள். உங்களுடையது நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தயவுசெய்து மேல்மலைப் புல்வெளியில் குழி தோண்டாதீர்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அது மரம் வெட்டி மொட்டையான இடம் இல்லை. மலை மடிப்புகளில் சோலைக்காடு, மேடெல்லாம் புல், ஆதியிலிருந்தே அப்படித்தான். பனிக்காலத்து விடியலில் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு புல்நுனியிலும் உறைபனி வெள்ளையாக ஒட்டியிருக்கும். அந்தக் குளிரில் சோலை மரத்தின் இளங்கன்று கருகிவிடும், புல் மறுபடி துளிர்க்கும். ஒரு புல் தூரை விரலால் விலக்கினால் அடியில் கறுத்த மண், ஈரத்தோடு மெத்துமெத்தென்று இருக்கும். மழையைக் குடித்து வைத்திருந்து கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுவது அந்த மண்தான்.

வரையாடு மேய்வது அங்கே. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை கூடு கட்டுவதும் அந்தப் புல்லுக்குள்தான். வரையாட்டுக்காகத் தமிழக அரசு 2022-ல் 25.14 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. மேய்ச்சல் வெளியே மரக்காடானால் அந்த ஆடு எங்கே போகும்?

இந்தத் தவறு ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் விறகுக்காக வந்த சீகையும் (சீகைக்காய் இல்லை, வாட்டில் என்ற வெளிநாட்டு மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்), அப்புறம் தோல் பதனிடவும் ஆலைக்கும் என்று மலை மலையாக நடப்பட்டன. சீகை விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டினால், தீ வைத்தால், இன்னும் அடர்த்தியாக முளைத்து வரும்.

இது மேல்மலையோடு முடிகிற விஷயமும் இல்லை. மேல்மலையில் ஓடும் பைக்காரா ஆற்றுத் தண்ணீர் மோயாறாகக் கீழே இறங்குகிறது. சீகூர்ப் பக்கத்துக் காய்ந்த முள்காட்டில் கோடையில் யானைகள் தேடி வருவது அந்த ஆற்றைத்தான். அதன் கரையில் நிற்கும் நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கழுகுகள் கூடு வைக்கின்றன. பிறகு பவானி, அப்புறம் காவிரி. சமவெளியில் நீங்கள் குடிக்கும் தண்ணீரிலும் இந்தப் புல்லின் பங்கு இருக்கலாம்.

சரி, மலைக்கு வரவே கூடாதா? கட்டாயம் வாருங்கள், கன்று இல்லாமல் வாருங்கள். வனத்துறையிடம் முறையாக அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மழையில் மண் இளகியிருக்கும்போது முழங்கால் உயரச் சீகைக் கன்றை வேரோடு கையாலேயே பிடுங்கிவிடலாம். அதற்கு நிறையக் கைகள் வேண்டும்.

அன்புடன்,
புல்வெளியை நேசிக்கும் ஒருவர்