காணிக்கை குறைகிற மாதங்களில்

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. கம்போடியாவின் பாட்டம்பாங்கில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்கும்படி தினமும் ஜெபிக்கிறோம்.

மூன்று மாதமாக மிஷனெரி ஆதரவு வரவு குறைகிறது, சபையார் மறந்துவிட்டார்களோ என்று கேட்டிருந்தாய். மறக்கவில்லைம்மா. இங்கே பணம் எப்படி நகர்கிறது என்று தெரிந்தால் அந்தப் பயம் போகும்.

சிங்கப்பூரில் பொருளாதார மந்தம் வந்தால் மாதச் சம்பளத்தில் எடுத்தவுடன் கை வைக்க மாட்டார்கள். முதலில் போகிறது போனஸ். மிஷனெரிக்கு வாக்குப்பண்ணிய தொகையைப் பல குடும்பங்கள் ஆண்டுக்கடைசிப் போனஸிலிருந்துதான் எடுத்துவைக்கின்றன. அதனால் மந்தச் செய்தி வந்து பல மாதம் கழித்தே உன் கணக்கில் அது தெரியும். நாடு தேறிவிட்டது என்று செய்தியில் சொன்ன பிறகும், அடுத்த போனஸ் வரும்வரை உனக்கு வரவு தேறாது. இந்த இடைவெளியில்தான் ஊழியக்காரர் பலர் சோர்ந்துபோகிறார்கள்.

ஆசிய நிதி நெருக்கடியின்போது, 1999 ஜனவரியில், தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான மத்திய சேமநிதிக்கு முதலாளிகள் கட்டும் பங்கை 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தார்கள். கைக்கு வரும் சம்பளம் அதனால் குறையவில்லை. ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனைச் சேமநிதியிலிருந்து கட்டிவந்தவர்களில் பலருக்குத் துண்டு விழுந்தது. அதை ரொக்கமாகக் கட்டினார்கள். பள்ளிச் செலவையும் மின்கட்டணத்தையும் தள்ளிப்போட முடியாது. மெலிவது மிஷன் காணிக்கை உறைதான். கொடுக்கிறவரின் மனம் மாறாமலே காணிக்கை குறைகிற விதம் இது.

இன்னொரு ஓட்டை நாணய மாற்றில் இருக்கிறது. கம்போடியாவில் உன் வாடகையும் பள்ளிக் கட்டணமும் அமெரிக்க டாலரில். 1997 நடுவில் ஒரு அமெரிக்க டாலர் ஏறத்தாழ 1.43 சிங்கப்பூர் வெள்ளி, 1998 ஜனவரியில் சராசரியாக 1.75 அளவுக்குப் போயிற்று. மாதம் 3,000 வெள்ளி அனுப்பினால் முன்பு 2,098 டாலர் கிடைத்திருக்கும், பிறகு 1,714 தான். மாதாமாதம் காணிக்கை தரும் ஒரு தாங்குநர்கூட நிறுத்தாமலே 384 டாலர் போய்விடுகிறது. கொரியர்களுக்கு அதைவிட மோசம். 900 வொன் அளவில் இருந்த டாலர் 1997 டிசம்பரில் 1,900ஐத் தாண்டியது. வெளிநாட்டில் இருந்த அவர்களுடைய மிஷனெரிகளின் ஆதரவு டாலர் கணக்கில் பாதியாகிவிட்டது. ஆகவே மூன்று மாத வாடகையையும் கட்டணத்தையும் டாலராகவே ஒதுக்கி வை. ஊர் திரும்பும் விமானச் செலவு அதில் சேராது. அது தனி, அதைத் தொடவே கூடாது.

உன் தாங்குநர் பட்டியலையும் எடுத்துப் பார். மாதம் 3,600 வெள்ளி தேவைக்கு ஒருவரே 1,200 கொடுத்தால், அவர் தொழில் படுத்த அன்றே உன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அந்த 1,200ஐ 24 குடும்பங்கள் ஐம்பது ஐம்பதாகக் கொடுத்தால், இரண்டு வீட்டில் வேலை போனாலும் குறைவது 100 தான். பெரிய காணிக்கை வந்தால் அதை நம்பி மாதச் செலவை அமைக்காதே. தளவாடம், மருத்துவம், சேமிப்பு என்று போடு.

செலவைக் குறைக்கும்போது முதலில் கண்ணில் படுவது சேமநிதிக்கு நீங்களாகக் கட்டுகிற தொகை. வெளிநாட்டில் வேலை செய்வோருக்கு அது கட்டாயமில்லை என்பதால் நிறுத்தத் தோன்றும். நிறுத்த வேண்டாம் மகளே. அறுபது வயதில் ஊர் திரும்பி வெறுங்கையோடு நிற்கும் ஊழியக்காரர் படும் பாடு கொடியது. மருத்துவக் காப்புறுதியும் அப்படித்தான். பயணம், அச்சுச் செலவு, புதிய கட்டடம் இவை காத்திருக்கட்டும். உங்களோடு உழைக்கும் கெமர் சகோதரனின் சம்பளத்தைக் குறைக்க நேர்ந்தால் மூன்று மாதம் முன்பே சொல்லிவிடு. கடைசி நாளில் சொல்வது அவன் வீட்டு அடுப்பை அணைப்பதாகும்.

நான் மிகவும் கெஞ்சிக் கேட்பது ஒன்று. ஆட்குறைப்பில் வேலை இழந்தவர் உனக்குச் சொல்லமாட்டார். வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் அவருடைய ஜைரோ காணிக்கை ஒரு மாதம் சத்தமில்லாமல் நின்றுபோகும். வெட்கத்தால் உன் ஜெபக் கடிதத்தைத் திறக்கவும் மாட்டார். சபை அலுவலகத்திலிருந்து பெயர்வாரிப் பட்டியலை மாதாமாதம் வாங்கிப் பார்த்து, அப்படி நின்றவருக்கு நீயே எழுது. பணத்தைப் பற்றி ஒரே வரி போதும்: "அண்ணே, இத்தனை வருஷம் நீங்கள் தாங்கினீர்கள், இப்போது அந்த வாக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்." மீதி முழுவதும் அவருடைய வேலைக்காகவும் பிள்ளைகளுக்காகவும் நீங்கள் ஜெபிப்பதாக இருக்கட்டும்.

மற்றவர்களுக்கு எண்களோடு எழுது. "தேவை 3,600, சென்ற மாதம் வந்தது 2,750, இன்ன செலவை நிறுத்தினோம்" என்று. "தேவைகள் அதிகம், ஜெபியுங்கள்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. முகநூலில் பொதுவாக வேண்டுகோள் போடாதே. வெளிநாட்டு நோக்கத்துக்காக இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். சபை வழியாகவே வரட்டும்.

மிஷன் கமிட்டி முதல் ஞாயிறு கூடுகிறது. இந்த மாதக் கணக்கை 25ஆம் தேதிக்குள் அனுப்பு, டாலர் மாற்று விகிதத்தைத் தனியாகக் குறித்து. மார்ச்சில் வருகிற குழுவிடம் அம்மா மீன்குழம்புத் தூள் கொடுத்துவிடுவாள்.

அன்புடன்,
அப்பா